கல்லூரி நட்பு: இனமும் பொருள்நிலையும் இடும் வேலிகள்

திருக்குறளில் நட்பினைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் அமைந்திருக்கின்றன. ஒரு பொருளுக்கு ஐம்பது குறட்பாக்களை ஒதுக்கிய வள்ளுவப் பெருந்தகை, 785ஆம் குறளில், நட்புக்கு உரிமை தருவது ஒத்த உணர்ச்சியே என்று முடிவு கூறுகின்றார். அக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நட்புக்குரிய காரணங்கள் மூன்று என எண்ணிக் காட்டுகின்றார். ஒரு நாட்டினராதல் முதலாவது. பலகாலும் கண்டும் பேசியும் பழகுதல் இரண்டாவது. உணர்ச்சி ஒத்தல் மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியில் நிற்பதே சிறப்புடையது என்பது அவர் கருத்து. அதற்கு அவர் காட்டும் சான்று கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஆவர். ஒருவன் சோழ நாட்டு மன்னன். மற்றவர் பாண்டிய நாட்டுப் புலவர். ஒருவரையொருவர் கண்டதில்லை, பழகியதும் இல்லை. எனினும் மன்னன் வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்தபோது, புலவர் தேடிவந்து தாமும் உயிர் நீத்தார்.

நாடும் நிலையும் வேறுபட்ட இருவரிடையே மலர்ந்த அந்நட்பை வகுப்பறையில் கற்பிக்காத தமிழாசிரியர் இல்லை. ஆனால் அப்பாடத்தைக் கற்ற மாணவன் வளர்ந்து பல்கலைக் கழகத்தில் நுழைந்ததும் காண்பது என்ன? நண்பகலில் உணவுக்கூடத்தின் வாயிலில் நின்று பார்த்தாலே போதும். ஒரு மேசையில் மலாய் மாணவர். அடுத்த மேசையில் சீன மாணவர். மூலையில் இருக்கும் மேசையில் இந்திய மாணவர். அமெரிக்கக் கல்லூரிகளில் வெள்ளையர் மேசை ஒன்று, கறுப்பினத்தார் மேசை ஒன்று. இன்னும் உற்று நோக்கினால், ஒரே இனத்தாரின் மேசைகளும் இரண்டாகப் பிரிந்திருக்கும். தந்தையின் காரில் வந்திறங்குவோர் ஒருபுறம்; கல்விக் கடனை நம்பிப் பேருந்தில் வருவோர் ஒருபுறம்.

இவர்களை இவ்வாறு உட்கார வைத்தவர் யார்? வெறுப்புத்தான் காரணமா? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சமூகவியலாரும் உளவியலாரும் இக்கேள்வியை ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட காரணங்களும் ஏறத்தாழ பரிமேலழகர் எண்ணிய மூன்றேயாம். ஆனால் அவர் சிறந்ததென வைத்த காரணம் இறுதியிலும், அவர் சிறியவை எனக் கருதியவை முதலிலும் நின்று உலகில் தொழிற்படுகின்றன என்பதே அவர்தம் முடிவின் சாரம்.

அருகிருத்தல்

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய மணமான மாணவர்களுக்காக, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வெஸ்ட்கேட் என்னும் குடியிருப்பை அமைத்தது. அதன் ஒரு பகுதியில் 17 கட்டடங்கள் இருந்தன; ஒவ்வொன்றிலும் இரண்டு மாடிகள்; மாடிக்கு ஐந்து வீடுகள். எந்த வீடு காலியாயிற்றோ அதையே குடும்பங்கள் பெற்றன. அண்டை வீட்டாரைத் தெரிந்தெடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. பெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்னும் மூன்று அறிஞர்கள் அங்குக் குடியிருந்தோரைக் கண்டு, அடிக்கடி பழகுவோர் யாவர் என வினவி, முடிவுகளை 1950இல் நூலாக வெளியிட்டனர். அடுத்த வீட்டாரில் நூற்றுக்கு 41 பேர் நண்பராகக் குறிக்கப்பட்டனர். ஒரு வீடு தாண்டியவரில் 22 பேர். அதே மாடியின் எதிர்க்கோடியில் இருந்தவரில் 10 பேர் மட்டுமே. இடையே இருந்த தூரமோ சில தப்படிகள்தாம்! மாடிப்படியை ஒட்டிய வீட்டார்க்கு மேல்மாடியிலும் நண்பர் கிடைத்தனர். நட்பினை மனம் தேடிக் கண்டதாக அம்மாணவர்கள் நினைத்தனர். உண்மையில் அதற்குக் கோடு வரைந்தவர் கட்டடம் கட்டிய பொறியாளரே.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்கு இது புதுமையன்று. லயத்தில் தொழிலாளி, தனி வீட்டில் கிராணி, மேட்டு பங்களாவில் துரை என்று வகுக்கப்பட்ட ஊரில், எவர் பிள்ளை எவர் பிள்ளையோடு விளையாடும் என்பதும் வகுக்கப்பட்டதேயாகும். எவரும் வெறுப்பைக் கற்பிக்க வேண்டியதில்லை. வீட்டு வரிசையே கற்பித்துவிடும்.

ஒத்தாரை நாடுதல்

1954இல் பால் லாசர்ஸ்பெல்டு, இராபர்ட் மெர்ட்டன் என்னும் சமூகவியலார் இருவர், ஒத்தவர் ஒத்தவரை நாடும் இயல்புக்குத் தனிப்பெயர் இட்டு ஆராய்ந்தனர். அவர்கள் அவ்வொப்புமையை இரண்டாகப் பகுத்தனர். இனம், சமயம், கல்வி, பொருள் ஆகியவற்றால் வரும் ஒப்புமை ஒன்று. கொள்கையாலும் விழுமியத்தாலும் வரும் ஒப்புமை மற்றொன்று. முன்னதை நிலை ஒப்புமை என்றும், பின்னதை உணர்ச்சி ஒப்புமை என்றும் தமிழில் கூறலாம். பிசிராந்தையாரின் நட்பு பின்னதைச் சார்ந்தது.

இங்குதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. உணர்ச்சி ஒத்திருக்கின்றதா என்பதை அறிய நாள் பல வேண்டும். நிலை ஒத்திருக்கின்றதா என்பதை அறிய ஒரு நொடி போதும். நிறமும் மொழியும் உடையும் கண்ணுக்கு உடனே தெரிகின்றன. புதிய இடத்தில், புதிய முகங்களுக்கு நடுவே, முதல் வாரத்தின் அச்சத்தோடு நிற்கும் பதினெட்டு வயது இளைஞன், தன்னைப் போலத் தோன்றுபவனின் உள்ளமும் தன்னைப் போலவே இருக்கும் என்று கொள்கின்றான். அது குற்றமன்று, ஆனால் அது ஓர் ஊகமே. அவ்வூகம் தவறாயின், தவற்றை அறியும் வாய்ப்பும் அவனுக்குக் கிட்டுவதில்லை. ஏனெனில் மறு மேசையில் இருப்பவனோடு அவன் பேசுவதே இல்லை.

நண்பனின் நண்பன்

முதல் வாரத்தில் தோன்றும் சிறு சாய்வு எவ்வாறு மூன்றாண்டுச் சுவராக வளர்கின்றது? ஆண்ட்ரியாஸ் விம்மர், கெவின் லூயிஸ் என்போர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. ஓர் அமெரிக்கத் தனியார் கல்லூரியில் ஒரே ஆண்டில் சேர்ந்த 1,640 மாணவர்களின் முகநூல் பக்கங்களில், யார் யாருடைய படத்தை வெளியிட்டனர் என்பதை அவர்கள் கணக்கிட்டனர். மேலோட்டமாகக் காணும்போது இனப்பற்று மிகப் பெரிதாகத் தோன்றிற்று. ஆனால் நட்புக்கு மறுநட்புக் காட்டுதல், நண்பனின் நண்பனோடு நண்பனாதல் ஆகிய இரண்டையும் தனியே பிரித்தெடுத்தபோது இனப்பற்றின் அளவு சுருங்கிவிட்டது.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். முதல் நாளில் ஒருவன் தன் இனத்தார் இருவரோடு அறிமுகமாகின்றான். அவ்விருவரும் தத்தம் நண்பர்களை அவனுக்கு அறிமுகம் செய்கின்றனர். அவர்களும் அதே இனத்தாராய் இருக்கின்றனர். அவன் ஒருமுறைதான் ஒரு பக்கம் சாய்ந்தான். எஞ்சியதை அறிமுகங்கள் செய்துவிட்டன. கடனுக்கு வட்டி ஏறுவதுபோல, சிறு விருப்பத்துக்கும் வட்டி ஏறுகின்றது. ஆகவே இறுதியில் காணும் மேசைகளைக் கொண்டு மாணவர் உள்ளத்தில் அத்துணை வெறுப்பு உண்டு என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

கண்ணுக்குப் புலப்படாத வேலி

இனம் இடும் வேலி கண்ணுக்குத் தெரியும். பொருள்நிலை இடும் வேலியோ தெரியாது. ஆயினும் கூர்மை அதற்கே மிகுதி எனலாம். எலிசபெத் ஆம்ஸ்ட்ராங், லாரா ஹாமில்டன் என்னும் ஆய்வாளர் இருவர், அமெரிக்க அரசுப் பல்கலைக் கழகம் ஒன்றின் மகளிர் விடுதியில் ஒரே மாடியில் வாழ்ந்த மாணவியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்டு, 2013இல் நூல் எழுதினர். அறைகள் அருகருகே இருந்தன. பலர் ஒரே இனத்தாரும் ஆவர். எனினும் நட்பு முழுமையாக மலரவில்லை. செல்வக் குடும்பத்துப் பெண்கள் விருந்துகளிலும் சங்கங்களிலும் கூடினர். அதற்கு உடையும் பணமும் ஓய்வும் வேண்டியிருந்தன. தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் மாலையில் வேலைக்குச் சென்றனர். வார இறுதியில் ஊருக்குத் திரும்பினர். அதே மாடியில் தனித்து நின்றனர். அருகிருத்தல் மட்டும் போதாது என்பதற்கு இது சான்றாகும்.

அந்தோணி ஜாக் என்னும் சமூகவியலார் 2019இல் வெளியிட்ட நூல் ஆசிரியர்களின் தனிக் கவனத்துக்கு உரியது. புகழ்பெற்ற கல்லூரி ஒன்றில் பயின்ற ஏழை மாணவர்களை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் ஒருசாரார் உயர்நிலைக் கல்வியையே உதவித் தொகை பெற்றுச் செல்வர் பள்ளிகளில் முடித்தவர். மற்றொரு சாரார் ஏழை ஊர்களின் பள்ளிகளிலிருந்து நேரே வந்தவர். இருசாரார்க்கும் வறுமை ஒன்றே. ஆயினும் முன்னவர் பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டி ஐயம் கேட்கத் தயங்கவில்லை. செல்வ மாணவரோடு பேசவும் கூசவில்லை. பின்னவரோ, கேட்பது இரப்பதற்கு ஒப்பாகும் என்று எண்ணி ஒதுங்கினர். விடுமுறையில் கல்லூரி உணவுக்கூடம் மூடப்படும்போது, ஊருக்குச் செல்லப் பணமில்லாதவர் பசித்திருந்தமையையும் அவர் எடுத்துரைத்தார். தோழர்கள் உல்லாசப் பயணம் போகும் நாளில் தான் பட்டினி கிடந்ததை எந்த மாணவன் வெளியே சொல்வான்? சொல்ல இயலாத செய்தி ஒன்று நெஞ்சில் இருக்கும்போது நட்பு எவ்வாறு ஆழமாகும்?

இழப்பு யாது?

தனித்தனியே உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பாரும் உண்டு. தில்லியில் பிறந்து அமெரிக்காவில் பொருளியல் பேராசிரியராக விளங்கும் இராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2022இல் வெளியிட்ட பேராய்வு இதற்கு விடை கூறுகின்றது. 25 முதல் 44 வயதுக்குட்பட்ட அமெரிக்கர் 7 கோடியே 20 இலட்சம் பேரின் முகநூல் தொடர்புகளை, 2,100 கோடி நட்புகளை, அவர்கள் ஆராய்ந்தனர். ஏழைப் பிள்ளைகள் தமக்கு மேற்பட்ட பொருள்நிலையாரோடு நட்புக் கொள்ளும் அளவே, அவர்கள் வளர்ந்தபின் முன்னேறுவதை முன்னறிவிக்கும் வலிமையான அடையாளம் என்று கண்டனர். செல்வர் பிள்ளைகளுக்கு அமையும் அத்தகைய தொடர்பு ஏழைப் பிள்ளைகளுக்கும் வளரும் ஊரில் அமையுமாயின், பிற்கால வருமானம் சராசரி நூற்றுக்கு 20 அளவு உயரக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு.

இது வியப்பன்று. எந்தத் துறையில் இடம் உண்டு, எந்த உதவித் தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத் தேர்வில் எதைக் கேட்பார்கள் என்னும் செய்திகள் பெரும்பாலும் நண்பர் வாயிலாகவே வருகின்றன. அச்செய்திகள் ஒரு மேசையைச் சுற்றியே வலம் வந்தால், மறு மேசையில் இருப்பவன் தேர்வில் முதல்வனாய் வந்தும் வாழ்வில் பின்தங்குவான்.

அதே ஆய்வு இன்னோர் உண்மையையும் உணர்த்திற்று. ஏழை, செல்வர் நட்பின்மைக்குக் காரணம் ஏறத்தாழ இரு சம பங்குகளாகப் பிரிகின்றது. அவர்கள் ஒரே பள்ளியிலோ ஊரிலோ சந்திப்பதே இல்லை என்பது ஒரு பங்கு. சந்தித்தும் நட்புக் கொள்வதில்லை என்பது மறு பங்கு. ஆதலின் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

வேலியை நீக்கும் வழி

மறு பாதியை முடிப்பது எவ்வாறு? அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1954ஆம் ஆண்டிலேயே, கார்டன் ஆல்போர்ட் என்னும் உளவியலார் இதற்குரிய நிபந்தனைகள் நான்கினைக் கூறினார். கூடுவோர் சமநிலையில் கூட வேண்டும். பொது நோக்கம் ஒன்று வேண்டும். அந்நோக்கத்துக்காகப் போட்டியிடாது ஒத்துழைக்க வேண்டும். மேலிடத்தார் அதனை ஆதரிக்க வேண்டும். பெட்டிகுரு, டிராப் என்னும் இருவர் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவு, இனங்களிடையே பழக்கம் காழ்ப்பைப் பொதுவாகக் குறைக்கின்றது என்பதை உறுதிசெய்தது. அந்நான்கு நிபந்தனைகளும் அமைந்த இடத்தில் பயன் இன்னும் மிகுதி.

விடுதி அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிய கல்லூரிகள் தக்க சோதனைக் களங்களாய் அமைந்தன. வேற்றினத்தாரை அறைத்தோழராகப் பெற்ற வெள்ளை மாணவர், முதலாண்டுக்குப் பின்னரும் பிற இனத்தாரோடு கூடுதலாகப் பழகினர் என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. எனினும் இது எளிய வழி என்று மயங்குதல் கூடாது. 2008இல் ஷூக், பேசியோ என்போர், கறுப்பினத்து அறைத்தோழரைப் பெற்ற வெள்ளை மாணவர் தொடக்கத்தில் அவ்வளவு மனநிறைவு அடையவில்லை என்று கண்டனர். ஆயினும் அப்பருவம் முடிவதற்குள் அவர்களின் உள்ளார்ந்த காழ்ப்பும் கூச்சமும் குறைந்திருந்தன. மருந்து கசந்தது, நோய் தணிந்தது. டியூக் பல்கலைக் கழகம் 2018 முதல், முதலாண்டு மாணவர் தம் அறைத்தோழரைத் தாமே தெரிந்தெடுக்கும் முறையை நிறுத்தியதும் இக்கருத்தின் வழிப்பட்டதே.

தில்லியில் நடந்தது தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கும் பாடமாகும். அரசிடம் குறைந்த விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்னும் விதி 2007இல் நடைமுறைக்கு வந்தது. கௌதம் ராவ் என்னும் பொருளியலார் அதன் விளைவை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார். ஏழைத் தோழரோடு பயின்ற செல்வப் பிள்ளைகள் ஈகைக் குணம் மிகுந்தவராயினர்; ஓட்டப் பந்தயத்துக்குத் துணைவரைத் தெரிந்தெடுக்கும்போது ஏழை என்று ஒதுக்குவது குறைந்தது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்கள் பெயரின் அகர வரிசைப்படி அமைந்திருந்தன. ஒரே குழுவில் கூடிப் பயின்றவரிடமே மாற்றம் சிறப்பாகக் காணப்பட்டது. அகர வரிசை என்னும் சிறு ஏற்பாடு செய்த பெரும்பணி இது!

ஒதுங்குவோர் மீது பழி கூறலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சிறுபான்மை மாணவர் ஒன்றாக உட்காருவதைக் கண்டு, இவர்கள்தாம் பிரிவினை செய்கின்றனர் என்று குறை கூறுவோர் பலர். பெரும்பான்மையினர் நிறைந்த ஐம்பது மேசைகள் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. சிறுபான்மையினரின் ஒரு மேசையே உறுத்துகின்றது. கறுப்பினத்து உளவியலார் பெவர்லி டேனியல் டேட்டம் 1997இல் எழுதிய நூல் இவ்வினாவையே தலைப்பாகக் கொண்டது. புறக்கணிப்பும் ஏளனமும் நேரும் சூழலில், விளக்கம் சொல்லாமலே தன்னைப் புரிந்துகொள்வாரோடு அமர்வது இளையோர்க்கு ஒரு புகலிடம் என்பது அவர் விளக்கம். ஆகவே புகலிடத்தை இடித்தல் தீர்வாகாது. அதற்கு வாயில் வைத்து, வெளியே செல்லவும் திரும்பி வரவும் துணிவு தருதலே தீர்வாகும்.

மலாயாவும் தமிழ்ப் பிள்ளையும்

1949 அக்டோபர் 8ஆம் நாள், ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றிற்று. மூவினத்தாரும் அங்கே ஒன்றாகப் பயின்றனர். ஆயின் ஆங்கிலப் பள்ளியின் வழியே வந்தவர்க்கே அவ்வாயில் திறந்திருந்தது; தோட்டத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பு நின்றவர்க்குத் திறக்கவில்லை. 1956இல் அங்கே இந்திய ஆய்வுத் துறை ஏற்பட்டது. அதற்குத் துணையாகக் கோ. சாரங்கபாணியாரின் 'தமிழ் முரசு' இதழ் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டியபோது எளிய மக்களும் இயன்றதை ஈந்தனர். தம் பிள்ளைகள் நுழைய முடியாத நூலகத்துக்கு உழைப்பாளிகள் பொருள் கொடுத்த அச்செயல், தமிழருக்குள்ளேயே வகுப்பு வேலி எவ்வளவு உயரமாய் நின்றது என்பதையும், அதை மீறி எழுந்த அன்பு எவ்வளவு பெரிது என்பதையும் ஒருங்கே காட்டும்.

இன்று காட்சி மாறியிருக்கின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் சேர்ந்துவிட்டனர். தமிழ்ப் பள்ளியில் பயின்றோர் மருத்துவராகவும் பொறியாளராகவும் விளங்குகின்றனர். ஆயினும் வேலி முற்றும் சாய்ந்ததாகக் கூற இயலாது. 2017இல் சிங்கப்பூர்க் கொள்கை ஆய்வுக் கழகம் வெளியிட்ட ஆய்வு, மக்களின் பழக்கத் தொடர்புகளைப் பிரிப்பதில் இனத்தையும் சமயத்தையும்விட வகுப்பு நிலை முந்திநிற்கின்றது என்று கண்டது. 1989 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இனங்கள் கலந்து வாழ விதி வகுத்த நாட்டிலும் நிலை இதுவே. இனங்களை அருகருகே குடிவைத்தல் கூடும். பொருள்நிலைகளை அவ்வாறு கலத்தல் அரிது.

ஆசிரியர் கையில் உள்ளவை

பல்கலைக் கழக விடுதியின் அறைகளை ஒதுக்கும் அதிகாரம் தமிழாசிரியர்க்கு இல்லை. ஆனால் அங்கே செல்லும் பிள்ளையைப் பன்னிரண்டு வயது வரை உருவாக்கும் அதிகாரம் உண்டு. அது சிறிதன்று.

முதலாவது, கேட்கும் துணிவு. ஐயம் கேட்பது பணிவின்மை அன்று என்பதைத் தொடக்கப்பள்ளியிலேயே பிள்ளைகள் உணர வேண்டும். கதவைத் தட்டத் தெரியாத பிள்ளைக்குத் திறந்த கதவும் மூடிய கதவே என்பதை ஜாக்கின் ஆய்வு காட்டிற்று.

இரண்டாவது, வகுப்பின் உட்கார் வரிசை. தமிழ்ப் பள்ளியில் எல்லாரும் ஓரினத்தாராக இருக்கலாம். எல்லாரும் ஒரு நிலையார் அல்லர். மருத்துவர் பிள்ளையும் துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளையும் தத்தம் விருப்பப்படி அமர்ந்தால், கல்லூரி உணவுக்கூடத்தின் மேசைகள் ஆறாம் வயதிலேயே போடப்பட்டுவிடும். மாதம் ஒருமுறை வரிசையை மாற்றுதலும், அகர வரிசையில் குழு அமைத்தலும் செலவில்லாத மருந்துகள்.

மூன்றாவது, அண்டைப் பள்ளி. மலாய்ப் பள்ளியோடும் சீனப் பள்ளியோடும் போட்டி விளையாட்டு மட்டும் நடத்தினால், ஆல்போர்ட் கூறிய மூன்றாம் நிபந்தனைக்கு மாறாகும். கலப்பு அணிகளாக ஆடச் செய்தலும், கூட்டாகத் தோட்டம் இடச் செய்தலும் அதற்கு இசைவாகும்.

நான்காவது, மொழியில் உறுதி. தன் மொழியில் வேரூன்றிய பிள்ளையே பிறர் மேசையில் கூசாமல் அமரும். தன்னை மறைத்துக்கொண்டு அமர்பவனுக்குக் கிடைப்பது நட்பன்று, இடம் மட்டுமே.

கோப்பெருஞ்சோழன், தன் பக்கத்தில் பிசிராந்தையார்க்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். முன்பின் காணாத புலவர் வரமாட்டார் என்று அருகிருந்தோர் ஐயுற்றனர். அவரோ வந்து சேர்ந்தார். அவ்வுயர்ந்த நட்புக்கு ஒத்த உணர்ச்சியே போதும் என்றார் வள்ளுவர். அவ்வுணர்ச்சி ஒத்திருக்கின்றதா என்று அறிவதற்கேனும் இன்றைய இளைஞர் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். பேசுவதற்கு ஒரே மேசையில் அமர்ந்தாக வேண்டும். வருவார் என்னும் நம்பிக்கையோடு ஓரிடத்தை ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை, பள்ளிப் பருவத்திலேயே பிள்ளைகளுக்குப் பழக்குதல் ஆசிரியர் கடனாகும்.